குளு நகரத்துச் செவிலியர்



சென்ற வாரம் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை விரும்பிய எலியாவைக் குறித்து எழுதியிருந்தேன். அதை வாசித்த சிலர் கடிதம் எழுதினீர்கள். அவற்றுள் ஒன்று இந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை. எழுதியவர் ஒரு செவிலியர். தீர்க்கதரிசிக்கு அடையும் தண்ணீரும் கொண்டுவர ஒரு தூதன் இருந்தான், பெருந்தொற்றுக் காலத்தில் எங்களுக்கு யார் வந்தார்கள் என்று அவர் கேட்டிருந்தார். கோபத்தோடு கேட்கவில்லை, அமைதியாகவே கேட்டிருந்தார். அதனால்தான் அந்தக் கேள்வி அதிகமாய்க் குத்திற்று.

நேரான பதில் என்னிடம் இல்லை. ஆகையால், பல ஆண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நான் சொல்லிவந்த ஒரு வரலாற்றை மறுபடியும் எடுத்து வாசித்தேன். அதை இத்தனை நாளும் தவறான இடத்தில் அழுத்தம் கொடுத்துச் சொல்லிவந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. நீங்களும் என்னோடு சேர்ந்து அதை ஒருமுறை பாருங்கள்.

உகாண்டா நாட்டின் வடபகுதியில் குளு என்றொரு நகரம் உண்டு. அதன் அருகே லாசோர் என்னும் இடத்தில், 1959ஆம் ஆண்டு கொம்போனி சபைக் கத்தோலிக்க மிஷனரிகள் புனித மரியாள் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். 1961இல் இத்தாலிய மருத்துவர் பியரோ கோர்ட்டியும் கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேலும் அங்கே வந்து, தம்பதியராகித் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்துகொண்டிருந்தபோது லூசிலுக்கு எச்ஐவி தொற்றியது. அந்நோயாலேயே 1996இல் அவர் மறைந்தார். அவரும் அவர் கணவரும் தங்களுக்குப் பின் மருத்துவமனையை நடத்தத்தக்கவர் என்று கண்டவர் மாத்யூ லுக்வியா என்னும் உகாண்டா மருத்துவர். கிட்கும் என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, படிப்பிலே எப்போதும் முதலிடம் பெற்று வந்தவர். 1983இல் பயிற்சி மருத்துவராக லாசோருக்கு வந்தார். இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரில் மேற்படிப்பு முடித்தபோது அங்கேயே தங்கிக் கற்பிக்கும் வாய்ப்புக் கிடைத்தும், அதை விட்டுத் திரும்பி வந்தார். கத்தோலிக்க மருத்துவமனையில் பணியாற்றிய சீர்திருத்த சபை விசுவாசி அவர் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். அதனால் அங்கே எந்தக் குழப்பமும் வந்ததாகத் தெரியவில்லை. நம் ஊர்களில் வருவதுபோல் அல்ல.

1989ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கிளர்ச்சிப் படையினர் அந்த வளாகத்துக்கு வந்து அருட்சகோதரிகளைப் பிடித்துக்கொண்டுபோக முற்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக என்னைக் கொண்டுபோங்கள் என்று மாத்யூ முன்வந்தார். ஒரு வாரம் மருத்துவர் அங்கியோடே காட்டில் அலைக்கழிக்கப்பட்டு, பின்பு விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் இரவுதோறும் அந்த மருத்துவமனை வளாகத்தில் அடைக்கலம் புகுந்து உறங்கினார்கள்.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 7, சனிக்கிழமை. மாத்யூ தலைநகரான கம்பாலாவில், மக்கேரெரே பல்கலைக்கழகத்தில் பொதுச்சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தார். லாசோரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இனம்தெரியாத ஒரு நோயினால் செவிலியர் பயிற்சி மாணவர்கள் இருவர் இறந்துவிட்டார்கள். அன்று மாலையே அவர் திரும்பினார். மூன்றாவது மாணவர் ஒருவரின் மரணத்தைக் கண்முன் கண்டார். இரத்தப்போக்குக் காய்ச்சல்களைக் குறித்த கையேட்டை ஓர் அருட்சகோதரியோடு உட்கார்ந்து இரவில் படித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரும்பப் புரட்டி, ஒரே மாதிரியான மரணங்கள் பதினேழைக் கண்டெடுத்தார். அதிகாரப் படிகளில் ஒவ்வொன்றாய் ஏறிக் காத்திருக்காமல், கம்பாலாவில் பொறுப்பிலிருந்த உயர் அலுவலரை நேரே அழைத்துச் சொன்னார். தென்னாப்பிரிக்க ஆய்வுக்கூடம் எபோலா என்று உறுதிசெய்து அறிவிக்குமுன்னே லாசோரில் தனிமை வார்டு அமைந்து, தாங்களாகவே முன்வந்த செவிலியர்கள் அதில் வேலைசெய்துகொண்டிருந்தார்கள்.

முதலில் இறந்தவர்கள் ஏன் செவிலியர் மாணவர்களாக இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எபோலா காற்றில் பறந்து வருகிற நோயல்ல. இரத்தம், வாந்தி, வியர்வை ஆகியவற்றைத் தொடுகிறவர்களையே அது பற்றும். ஆகவே பிள்ளையை மடியில் வைத்திருந்த தாயையும், பிரேதத்தைக் கழுவிய உறவினரையும், நோயாளியின் வாயைத் துடைத்த செவிலியரையும் அது தேடிப்போயிற்று. எந்தக் கை அதிகமாய் அன்பு செய்ததோ அந்தக் கை வழியாகவே அது நுழைந்தது. இரட்டைக் கையுறை, அங்கி, ஏப்ரன், முகக்கவசம், இரப்பர் காலணி என்று மூடிக்கொண்டு வெப்பமண்டலத்துப் பகற்பொழுதில் உள்ளே நிற்கவேண்டும். தன்னைக் கவனிப்பவர் யாரென்று நோயாளிக்கு முகம் தெரியாது. நேற்று பக்கத்தில் நின்று வேலைசெய்த தோழி இன்று படுக்கையில் கிடப்பாள். அவளுக்கும் முகம் தெரியாது.

வேலை முடிந்து வெளியே வந்தால் ஊர் அவர்களை ஒதுக்கிற்று. நோயிலிருந்து பிழைத்து வீடு திரும்பினவர்களின் உடைமைகள் எரிக்கப்பட்டதும் உண்டு. மருத்துவமனையில் வேலை செய்கிறவர் என்று தெரிந்தாலே மக்கள் விலகிப்போனார்கள். சொந்த வீட்டுக்குப் போவதற்கும் செவிலியர் பயந்தார்கள். தங்களுக்காக அல்ல, தங்கள் பிள்ளைகளுக்காக.

(இதை வாசிக்கும்போது நம்மில் யாரும் ஆப்பிரிக்காவின் அறியாமை என்று தலையசைத்துவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 19 இரவு, நம்முடைய சென்னையிலே, கொரோனாவால் மரித்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது ஓரிடத்தில் எதிர்ப்பு எழுந்தது. வேலங்காடு இடுகாட்டிலோ கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயப்பட்டார்கள். நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் காவல்துறைப் பாதுகாப்போடு திரும்பி வந்து, தம் கையாலேயே மண்ணை அள்ளிப்போட்டுக் குழியை மூடினார். மறுநாள் காலை மருத்துவமனைக்கு வேலைக்குச் சென்ற நூற்றுக்கணக்கான மருத்துவரும் செவிலியரும் எந்த மனதோடு சென்றிருப்பார்கள்?)

நவம்பர் மாதத்துக்கு வருவோம். குளுவில் நோய் தணிவதுபோலத் தோன்றிய வேளையில் லாசோரின் ஊழியர்கள் அடுத்தடுத்து விழத் தொடங்கினார்கள். விதிமுறைகளைக் கடைப்பிடித்தவர்களுக்கும் நோய் வந்தது. எங்கே தவறினோம் என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை. வழி தெரிந்த ஆபத்தை மனிதன் எப்படியோ தாங்கிக்கொள்கிறான். வழி தெரியாத ஆபத்து அவன் உறக்கத்தைத் தின்றுவிடுகிறது. நவம்பர் 24ஆம் தேதி விடியலுக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏழுபேர் மரித்தார்கள். அவர்களில் மூவர் மருத்துவமனை ஊழியர்கள்.

அன்று வேலைக்குப் போவதற்குப் பதிலாக, ஏறத்தாழ நானூறு ஊழியர்கள் செவிலியர் பள்ளி மண்டபத்தில் கூடிவிட்டார்கள். செய்தி கேட்டு மாத்யூ விரைந்து வந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மருத்துவமனையை மூடுங்கள் என்று ஒரு செவிலியர் கத்தினார்.

மாத்யூ வாதாடினார். மூடினால் நான் குளுவை விட்டுப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றார். கிளர்ச்சிக்காரர் கையில் தம்மை ஒப்புக்கொடுத்த நாளை நினைவூட்டினார். மூடுவதால் உண்டாகும் மரணங்களுக்கு நானே பொறுப்பாவேன் என்றார். மாலைவரை பேச்சு நீண்டது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், கூட்டம் கலைந்தது. செவிலியர்கள் வார்டுகளுக்குத் திரும்பினார்கள்.

நான் பிரசங்கங்களில் இந்த இடத்தில்தான் குரலை உயர்த்துவேன். பயத்தை ஜெயித்த பாடல் என்பேன். சபையாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு முறையாவது, மூடுங்கள் என்று கத்தின அந்தப் பெண்ணைக் குறித்து நான் பேசினதில்லை. என் கதையில் அவள் விசுவாசக் குறைவின் உருவமாக, மாத்யூவின் வீரம் விளங்குவதற்கான இருளாக மட்டுமே நின்றாள். இப்போது அவளிடத்திலிருந்து பார்க்கிறேன். ஏழு வாரங்களாக அவள் உறங்கியிருக்கமாட்டாள். முந்தின இரவில் அவளுடைய தோழிகளின் உடல்கள் வெளியே போயிருக்கின்றன. அவள் கேட்டது சம்பள உயர்வல்ல. நிறுத்துங்கள் என்றுதான் கேட்டாள். எலியா கேட்டதும் அதுதானே? போதும் என்று ஒரு தீர்க்கதரிசி சொன்னால் அதை வேதத்தில் எழுதிவைத்து ஆண்டுதோறும் தியானிக்கிறோம். ஒரு செவிலியர் சொன்னால் கலகம் என்கிறோம்.

மாத்யூவை நான் குறைத்துப் பேசவில்லை. அது எனக்குத் தகாது. அவர்களை வெளியிலிருந்து அனுப்பினவர் அல்ல அவர். அவர்களோடே உள்ளே நின்றவர். அந்தக் கூட்டத்துக்கு நான்கு நாட்களுக்குமுன், நவம்பர் 20 விடியற்காலையில், நோயுற்றிருந்த ஆண் செவிலியர் ஒருவர் மூச்சுத்திணறி, இரத்தம் கக்கி, கட்டிலை விட்டு எழுந்து தடுமாறியபோது அழைக்கப்பட்டவர் மாத்யூவே. அங்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் அணிந்துகொண்டார். கண்ணாடியை மட்டும் அணியவில்லை. மண்டபத்தில் நின்று செவிலியர்களைத் தைரியப்படுத்தின அந்த மனிதரின் சரீரத்துக்குள் அப்போதே நோய் இருந்தது. சில நாட்களில் காய்ச்சல் கண்டது. தாமே அமைத்த தனிமை வார்டில் அவரும் படுத்தார். பாதுகாப்பு உடைக்குள் நின்றே அவர் மனைவி மார்கரெட் அவரைப் பார்க்க முடிந்தது. இந்நோயால் மரிப்பவர்களில் நானே கடைசியாயிருக்கட்டும் என்று அவர் ஜெபித்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 5 அதிகாலையில் மரித்தார். வயது 43. அன்றே, பாதுகாப்பு உடை அணிந்தவர்களின் கைகளால், லூசிலின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். 2001 பிப்ரவரி இறுதியில் தொற்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது நாட்டில் நோயுற்றவர் 425 பேர், மரித்தவர் 224 பேர்.

அதற்குப் பிறகு? அங்கேதான் என் பிரசங்கம் எப்போதும் முடிந்துபோகும். உயிரோடிருந்தவர்கள் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள் என்பதை நான் ஒரு வெற்றியாகச் சொல்லி முடித்துவிடுவேன். ஆனால் மனதின் காயத்துக்கு, தொற்று முடிந்ததாக அறிவிக்கும் நாள் ஒன்று இல்லை. இதற்கு என் வார்த்தை மட்டும் சான்றல்ல. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது உலகெங்கும் நோயுற்ற 8,000க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளரே. கனடாவின் டொரொன்டோ நகரில் அந்நோயாளிகளைப் பராமரித்த மருத்துவமனைகளின் ஊழியர்களை, அந்நோய் வராத ஹாமில்ட்டன் நகர மருத்துவமனைகளின் ஊழியர்களோடு, நோய் அடங்கி ஓராண்டு முதல் இரண்டாண்டு கழித்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டொரொன்டோவில் இருந்தவர்களிடம் மனச்சோர்வும் அலைக்கழிப்பும் அதிர்ச்சியின் பின்விளைவுகளும் அப்போதும் அதிகமாகவே இருந்தன. பலர் நோயாளிகளோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். புகையும் மதுவும் கூடியிருந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் தங்களுக்குக் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடம் இந்தத் துன்பம் குறைவாய் இருந்தது. வீரர் என்று அழைக்கப்பட்டார்களா இல்லையா என்பது அங்கே கணக்கில் வரவில்லை.

ஆனால் 2020இல் உலகம் அவர்களுக்கு அந்தப் பட்டத்தைத்தான் கொடுத்தது. நாமும் பால்கனியில் நின்று கைதட்டினோம், தட்டையும் தட்டினோம். அதே வசந்தகாலத்தில், நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் வடமுனையிலுள்ள ஆலன் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவராக இருந்தவர் லோர்னா பிரீன். வயது 49. விசுவாசி, தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்கிறவர். மார்ச் மாதத்தில் அவருக்கே கொரோனா வந்தது. முழுதும் தேறுமுன்னே வேலைக்குத் திரும்பினார். நடைபாதைகளெல்லாம் நோயாளிகள். ஆம்புலன்சிலிருந்து இறக்கப்படும்போதே மரித்தவர்கள் அநேகர். நாட்கள் சில கடந்தபின் நாற்காலியை விட்டு எழவும் அவருக்குக் கூடாமற்போயிற்று. உதவி வேண்டும் என்று சகோதரியை அழைத்தார். வாழ்நாளில் முன்பு மனநோய் எதுவும் இருந்ததில்லை என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். மருத்துவமனையில் சிகிச்சையும் பெற்றார். அப்போதும் அவரை வாட்டியது ஒரு பயம்: மனநலச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் என் மருத்துவ உரிமம் போய்விடும், என் வேலை முடிந்தது என்ற பயம். ஏப்ரல் 26 அன்று அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அந்தப் பயம் வெறும் பிரமை அல்ல. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமத்துக்கான படிவத்திலேயே, மனநலச் சிகிச்சை எப்போதாவது பெற்றதுண்டா என்ற கேள்வி இருந்தது. லோர்னாவின் சகோதரியும் மைத்துனரும் துக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடாமல், அந்தக் கேள்விகளை மாற்றவேண்டும் என்று போராடத் தொடங்கினார்கள். 2022 மார்ச் 18 அன்று, மருத்துவப் பணியாளரின் மனநலத்துக்கென்று அவர் பெயராலேயே ஒரு சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. பல மாநிலங்கள் படிவங்களைத் திருத்தின. ஒரு படிவத்தில் ஒரு வரியை அடிப்பது சிறிய காரியம்போலத் தோன்றலாம். இரவு மூன்று மணிக்கு உதவி கேட்கலாமா வேண்டாமா என்று தவிக்கிற மருத்துவருக்கு அது சிறிய காரியமல்ல.

நம்முடைய சபைகளில் அச்சடித்த படிவம் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாயா, ஜெபிக்கவில்லையா என்று நாம் கேட்கும் தொனியில் இருக்கிறது. இதை வாசிக்கிற மருத்துவப் பணியாளர் யாராவது அப்படி எதையும் பயந்து மௌனமாய் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச உதவி அது. மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை எடுப்பதும் விசுவாசத்துக்கு விரோதமானவை அல்ல என்பதை ஒரு போதகனாக எழுத்திலேயே கொடுக்கிறேன். யாராவது உங்களைக் குற்றப்படுத்தினால் இதைக் காட்டுங்கள்.

எலியாவின் வரலாற்றில் நான் இதுவரை சரியாகக் கவனியாத ஒன்றுண்டு. தூதன் முதலில் வந்தபோது அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பினான், சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். படுக்கவிட்டான். இரண்டாம் முறையும் அதையே செய்தான். பயணம் மிகுதி என்று ஒப்புக்கொண்டான். இங்கே என்ன செய்கிறாய் என்ற தேவனுடைய கேள்வி நாற்பது நாளைக்குப் பின்புதான் வருகிறது.

2021ஆம் ஆண்டு, இரண்டாம் அலை ஓய்ந்த சமயம். எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர், ஒரு பெரிய மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறவர், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். உறக்கம் வரவில்லை ஐயா, ஆக்சிஜன் கருவியின் சத்தம் காதிலேயே இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தேன். நீங்கள் தேவதூதர்கள் அம்மா, கர்த்தர் பலப்படுத்துவார் என்றேன். வாக்குத்தத்த அட்டை ஒன்றையும் கொடுத்தேன். வாசலில் அடுத்தவர் காத்துக்கொண்டிருந்தார். அந்தச் சகோதரி அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சரிங்க ஐயா என்று சொல்லிப் போனார். அதற்குப் பின் உறக்கத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. சுகமாகிவிட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். என் மனைவி கொடுத்தனுப்பிய இட்லி சூடாக இருந்தது. இந்தமுறை வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. அம்மா, அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, இப்போது கேட்கலாமா என்றேன். அவர் வெகுநேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்றைக்கு வேண்டாம் ஐயா. நைட் டூட்டி முடிந்து வந்திருக்கிறேன். வியாழக்கிழமை வாருங்கள்” என்றார்.

வியாழக்கிழமை போகிறேன்.